மகளின் கபடி, என் மயக்கம்

ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளிக் கபடி அணியில் சேர்ந்துவிட்டதாக வந்து சொன்னபோது நான் முதலில் கேட்டது, "உங்க ஸ்கூல்ல கேரம் இல்லையா?" என்பதுதான். அவள் பார்த்த பார்வையில், அதற்குமேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

நான் கடத்தூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். சுளுக்கு, முட்டி வீக்கம், விரல் பிசகியது என்று வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து, மனித உடம்பில் எங்கெல்லாம் அடிபடும் என்பது எனக்கு மனப்பாடம். மகள் மாலையில் மண்ணோடு வரும்போது வாசலிலேயே நிறுத்தி, கையை மடக்கு, காலை நீட்டு என்று பார்த்த பிறகுதான் உள்ளே விடுவேன்.

தெம்பு வேண்டுமே என்று தினமும் முட்டையும் ராகிக்களியுமாகக் கொடுத்துவந்தேன். அந்த நேரத்தில்தான் அவர்களுடைய பி.டி. மிஸ் போன் செய்தார். "எடை கூடிச்சுன்னா இந்தப் பிரிவுல ஆட வுட மாட்டாங்கக்கா. கொஞ்சம் பாத்துக்கோங்க." அன்றிலிருந்து என் பயம் திசை மாறியது. பள்ளி விட்டதும் மகள் எங்கள் கடைக்கு வந்து எடை மெஷினில் ஏறி இறங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். முள் கொஞ்சம் கூடினால் அன்று இரவு ஒரு தோசை குறையும். குறைந்தால், இவள் அடி தாங்குவாளா என்று மறுநாள் ஒன்று கூடும். "நீ ஏதாவது ஒரு முடிவுக்கு வாம்மா" என்றாள் அவள்.

போட்டி அரூரில் நடந்தது. பிள்ளைகள் பள்ளி வேனில் போனார்கள். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கைப்பையில் சுளுக்கு ஸ்ப்ரே, பஞ்சு, கட்டுத்துணி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எல்லாம் இருந்தன. வேனில் ஏறும் முன் மகள் எனக்குச் சில கட்டளைகள் போட்டிருந்தாள். "வரணும்னா வா. ஆனா கத்தக் கூடாது. பேர் சொல்லிக் கூப்புடக் கூடாது. நடுவுல ஓடி வரக் கூடாது." காலையில் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, வெறும் டீயோடு கிளம்பியிருந்தேன்.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் இவர்கள் ஆட்டம் வந்தது. எதிரணி சித்தேரி மலையிலிருந்து வந்த பிள்ளைகள். ஒல்லியாகத்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் தரையில் கால் ஊன்றி நின்ற விதத்தைப் பார்த்ததுமே, பைக்குள் ஸ்ப்ரே இருக்கிறதா என்று மேலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கோட்டுக்கு அப்பால், வேப்பமரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒருவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றதும், திரும்பாமலே கேட்டார்.

"என்னங்க ஆச்சு இப்ப?"

"நீங்களே திரும்பிப் பாக்கலாமேங்கண்ணா."

"முடியலைங்க. எம் புள்ளயும் ஆடுது. பாத்தா நெஞ்சு அடிச்சுக்குது. நீங்க பாத்துச் சொல்லுங்கம்மா."

மலையில் சாமை விதைக்கிறவராம். களையெடுப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறார். அவ்வளவு தூரம் வந்தவர் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றிருந்ததால் வரவில்லை.

சொல்ல ஆரம்பித்தேன். யார் பாடிப் போகிறார்கள், யார் அவுட், எந்தப் பக்கம் புள்ளி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடியே தலையாட்டினார். இடையில் என் மகள் பாடிப் போனாள். சித்தேரி அணியில் நெட்டையாக இருந்த ஒரு பெண் பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். மண்ணுக்குள் மகளின் ஒரு கை மட்டும் தெரிந்தது.

"ஐயோ, அந்த நெட்டச்சி எம் புள்ள காலைப் புடிச்சு இழுத்துப் போட்டுட்டாங்க. புள்ளையா அது, ராட்சசி."

அவர் தலையாட்டுவதை நிறுத்தினார். பிறகு மெதுவாக, "நெட்டையா இருக்கறது எம் புள்ளதானுங்க" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "நல்லாப் புடிக்குதுங்க" என்றேன். "ஆமாங்க, ஆட்டுக்குட்டி புடிச்ச பழக்கம்" என்று அவரும் சங்கடத்தோடு சொன்னார். மகள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தாள். பையைத் திறக்கப் போன என்னை அங்கிருந்தே முறைத்தாள்.

ஆட்டம் முடியும் நேரம் எங்கள் அணி ஒரு புள்ளி பின்னால் இருந்தது. திரும்ப உள்ளே வந்திருந்த மகள் மறுபடி பாடிப் போனாள். அந்த நெட்டைப் பெண் குனிந்து காத்திருந்தாள். மகள் கை நீட்டினாள். நான் சட்டென்று எம்பிப் பார்த்தேன். மைதானம் முழுவதும் மஞ்சளாகி, பிறகு கறுப்பாகிவிட்டது.

கண் விழித்தபோது வேப்பமர நிழலில் கிடந்தேன். சித்தேரிக்காரர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். நான் சாய்ந்ததும் திரும்பிப் பிடித்தவர் அவர்தான். யாரோ ஒரு டீச்சர் என் பையிலிருந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்து என் வாயில் ஊற்றினார். "என்னாச்சுங்க ஆட்டம்?" என்று கேட்டேன். "உங்க புள்ள வேற ஒருத்தியத் தொட்டுட்டுத் திரும்பிடுச்சு, சமமாச்சு. அப்பறம் கடைசியில எம் புள்ள பாடிப் போயி ஒரு புள்ளி எடுத்துடுச்சுங்க" என்றார், ஏதோ மன்னிப்புக் கேட்பவர் போல.

தோற்ற பிள்ளைகள் வரிசையாக நின்று கைகொடுத்துவிட்டுக் கலைந்தார்கள். மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ வுழுந்ததப் பாத்தேன்" என்றாள்.

"பாத்தியா? எப்ப?"

"பாடிட்டு இருக்கும்போதே."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? நிறுத்துனா அவுட்டும்மா. அந்த மாமா உன்னப் புடிச்சுட்டாரு, அதையும் பாத்தேன். கோட்டைத் தொட்டுட்டு வரலாம்னு பாத்தா, மிஸ்ஸு நான் பாத்துக்கறேன், நீ ஆடுன்னுட்டாங்க."

பெற்ற தாய் மயங்கிச் சாய்வதைப் பார்த்துக்கொண்டே 'கபடி கபடி' என்று பாடியிருக்கிறாள். எனக்குக் கோபம் வர வேண்டுமா என்று யோசித்தேன். வருத்தம் கொஞ்சம் வந்தது. அதைவிட அதிகமாக, யாரிடமாவது இதைப் பெருமையாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சித்தேரிக்காரரிடம் சொல்லலாம் என்று திரும்பினால், அவர் தன் மகளைத் தேடிப் போயிருந்தார்.

பி.டி. மிஸ் என்னையும் வேனிலேயே ஏற்றிக்கொண்டார். பிள்ளைகள் கொஞ்ச தூரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்கள், அப்புறம் யார் யாரை எப்படிப் பிடித்தார்கள் என்று சத்தம் ஆரம்பமாகிவிட்டது. மகளும் அந்தச் சத்தத்தில் இருந்தாள். மொரப்பூர் தாண்டியதும் எழுந்து என் இருக்கைக்கு வந்தாள். முட்டியில் தோல் வழன்று சிவந்திருந்தது. டிரவுசரை லேசாக மேலே தள்ளிக் காலை என் மடிமேல் வைத்தாள்.

"எரியுதும்மா" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "கொஞ்சம் ஊது."

வீடு வந்து சேரும்வரை ஊதிக்கொண்டே வந்தேன்.