நாற்காலிகளை எடுக்கச் சொன்னவன்

போன வாரம் என் மைத்துனர் போன் செய்தார். அவிநாசி பக்கம் முதியோர் இல்லம் ஒன்று ஆரம்பிக்கிறார். கட்டடம் முடிந்துவிட்டது, கட்டில்கள் வந்துவிட்டன, கேமரா மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏனுங்க மச்சான், இந்த வேலையப் பாத்தவரு நீங்க. ஸ்டாஃப கண்ட்ரோல்ல வெக்கறதுக்கு மொதல்ல என்ன பண்ணோணுங்க?"

"கட்டிலுக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போடுங்க மாப்ள. ஸ்டாஃப் உக்கார்றதுக்கு."

"சுகர் மாத்தர போட்டீங்களா மச்சான்?" என்று சிரித்தார்.

சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலத்தில் அந்த நாற்காலிகளை எடுக்கச் சொன்னவன் நான்.

கருமத்தம்பட்டி பக்கம் ஒரு நூற்பு மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். ஸ்பின்னிங்கில் இருக்கும் பெண்கள் ஷிஃப்ட் முழுக்க மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார்கள். அறுந்த இழையை ஒட்டுவார்கள், அடுத்த மெஷினுக்குப் போவார்கள். உட்கார்ந்தால் வேலை நின்றுவிட்டது என்று அர்த்தம். என் கண் அப்படியே பழகிவிட்டது.

ரிட்டயர் ஆன பிறகு நண்பர் ஒருவர் தன் முதியோர் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். முதல் நாள் ரவுண்ட்ஸ் போனேன். அறைக்கு அறை பணிப்பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்! பெரியவர்களோடு பேச்சு வேறு.

மறுநாளே நாற்காலிகள் ஸ்டோர் ரூமுக்குப் போயின. கட்டிலில் உட்காரவும் கூடாது என்றேன். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. நல்ல நிர்வாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ராமசாமி ஐயா என்று ஒருவர் அங்கே இருந்தார். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. அவருக்கு ஊட்டுவது சரஸ்வதி. நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத பெண். ஒன்றரை மாதம் போனது. ஐயாவின் மகள் வந்தார். "அப்பாவுக்கு வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குதுங்க சார்," என்றார்.

சரஸ்வதியைக் கூப்பிட்டேன்.

"ஊட்டறேனுங்க சார். நாலு வாயிலயே போதும்ங்கறாரு. சேர் இருந்தப்ப முழுசாச் சாப்புடுவாருங்க."

"ஓகோ... சேர்தான் ஊட்டி விட்டுச்சா இத்தன நாளு?"

கேட்டுவிட்டு நானே ரசித்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கையோடு மெமோ கொடுத்தேன். இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டு வாடகை போகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன்.

அடுத்த நாள் மதியம், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஐயாவின் அறைக்குப் போனேன். சரஸ்வதி கட்டிலோரம் குனிந்து நின்று ரசஞ்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை தட்டில், ஒரு கை ஸ்பூனில். ஐயா வேகவேகமாக விழுங்கினார். நான்காவது வாயோடு, "போதும் கண்ணு" என்றார்.

"முக்காத் தட்டு அப்படியே கெடக்குது. இதுதான் நீ ஊட்டற லட்சணமா?" என்றேன்.

அவள் ஐயாவின் வாயைத் துடைத்துவிட்டாள். பதில் சொன்னவர் ஐயா. கோணிய வாயால், ஒவ்வொரு சொல்லாக...

"அவளத் திட்டாதீங்க. புள்ள காத்தால இருந்து... நின்னுட்டே இருக்குது. ஒரு ஆள நிக்க வெச்சுப்போட்டு... நாம உக்காந்து திங்கலாமுங்களா?"

பசியோடு இருந்திருக்கிறார் மனிதர். ஒன்றரை மாதமாக! அவள் கொஞ்சம் சீக்கிரம் நகர்ந்து ஓய்வெடுக்கட்டும் என்று, நான்கு வாயோடு நிறுத்தியிருக்கிறார். ஊழியர் மேல் அவருக்கு இருந்த அக்கறை நிர்வாகிக்கு இல்லை.

முதியோர் இல்லத்தில் நாம் கொடுக்கும் கவனிப்பு எல்லாம் ஊழியர் கை வழியாகத்தான் போய்ச் சேருகிறது. நாம் அவர்களை விரட்டினால், ஸ்பூன் பெரியவர்களை விரட்டும். இதில் எனக்கு இன்று எந்தச் சந்தேகமும் இல்லை. கற்றுக்கொள்ள ஒரு மனிதர் இளைக்க வேண்டியிருந்தது என்பதுதான் வெட்கம்.

அன்று சாயங்காலமே நாற்காலிகள் திரும்பின. எல்லோர் முன்னாலும் மெமோவைக் கிழித்தேன். "தப்பு என்னோடது. மன்னிச்சுக்கம்மா," என்றேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. நான் உள்ளே நுழைந்தாலே எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஐயாவின் வாய்க்குப் போன ஸ்பூன் பாதியில் நிற்கும். ஒருநாள் சரஸ்வதியே கேட்டுவிட்டாள்.

"உக்காருங்கறீங்க, சரிங்க சார். நீங்க வாரப்ப காலு தானா எந்திரிக்குது. அதுக்கு என்ன பண்றதுங்க?"

போட்ட உத்தரவை ஒரு நாளில் வாபஸ் வாங்கலாம். போட்ட பயத்தை? சாப்பாட்டு நேரத்தில் ரவுண்ட்ஸ் போவதையே விட்டுவிட்டேன். மற்ற நேரத்தில் போனால், நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினேன். மூன்று மாதம் ஆயிற்று. ஐயாவின் வேட்டி இடுப்பில் நின்றது.

பிறகு ஒரு மதியம், சரஸ்வதியிடம் அவசரமாக ஒரு கையெழுத்து வாங்க அந்த அறைக்குள் போக வேண்டி வந்தது. அவள் உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எழவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"கொஞ்சந் தள்ளி நில்லுங்க சார். வெளிச்சம் மறைக்குது."

தள்ளி நின்றேன். நிர்வாகத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியங்களில் அதுவும் ஒன்று.