லித்தியத்துக்குத் தண்ணி ஊத்தியவன்

கேளம்பாக்கத்தில் அந்நாளில் செத்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் என் கடைக்குத்தான் வருவார்கள். அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் மூடியைத் திறந்து மோந்து பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவேன். செல்லுக்கு ரெண்டு வோல்ட், அதுக்குக் கீழே போனால் தண்ணி ஊத்து. முப்பது வருஷம் இந்தப் பாடமே சோறு போட்டது.

ரெண்டாயிரமாம் வருஷத்துக்குப் பக்கத்தில், படூர் பக்கத்துக் காலேஜில் ஆராய்ச்சி படிக்கிற தூத்துக்குடிப் பொண்ணு ஒன்று கடைக்கு வந்தது. கந்தகத்தைக் கரியோடு பிணைத்துப் பொடி செய்து, அதை வைத்து லித்தியம் பேட்டரி கட்டியிருந்தது. ரெண்டு கந்தகம் கைகோத்து நிற்குமாம். கரண்டு எடுத்தால் கையை விடுமாம், சார்ஜ் போட்டால் மறுபடி கோத்துக்கொள்ளுமாம். என் கல்யாண வாழ்க்கையும் அப்படித்தான் என்றேன். உள்ளேயிருந்து என் சம்சாரம், "சார்ஜ் போடுறது மட்டும் நானு!" என்றாள்.

காலேஜில் ஓயாத கரண்டு கட். என் கடையிலோ இன்வெர்ட்டர் நிற்காது. அதனால் அந்தப் பொண்ணு, தன் பேட்டரியை அடைத்த கட்டைவிரல் தடிமன் ஸ்டீல் குழாய்கள் ரெண்டையும், தானாகவே சார்ஜ் ஏற்றி இறக்குகிற மெஷினையும் என் மேஜையில் வைத்தது. ரெண்டும் ஒரே மாதிரி அம்பது தடவை தாங்கினால்தான் அதன் வாத்தியார் ஒத்துக்கொள்வார். ஒன்று மட்டும் தாங்கினால் குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுவார்.

முப்பத்தெட்டாவது தடவை. பொண்ணு காலேஜுக்குப் போயிருந்தது. மீட்டரைப் பார்க்கிறேன், ஒரு குழாய் ரெண்டுக்குக் கீழே இறங்குகிறது. ஐயோ, காய்ஞ்சு போச்சே! ஊர் பேட்டரியெல்லாம் பிழைக்க வைத்தவன், இதை விடுவேனா? மேல் நட்டைக் கழற்றி, சுத்தமான பேட்டரித் தண்ணியைப் பாசத்தோடு ஊத்தினேன்.

புஸ்ஸ்ஸ்! நுரை பொங்கி மேஜையில் வழிந்தது. அழுகின முட்டை நாத்தம். லாரிக்கு பேட்டரி வாங்க வந்தவர், "இன்னா நைனா, உள்ள பாம்பு கீதா?" என்று ரோட்டுக்கே ஓடிவிட்டார்.

சாயங்காலம் பொண்ணு வந்து பார்த்தது. "அண்ணாச்சி, லித்தியத்துல தண்ணியா ஊத்துனிய?"

"வோல்ட்டு இறங்கிச்சும்மா."

"இறங்கத்தான் செய்யும்! இறங்குனாத்தானே ஏறும்!" அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதது.

மறுநாள் அதன் வாத்தியாரிடம் நானே போனேன். தப்பு என்னுது என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, புதுசாக ஒன்று கட்டி ஓட்டிக் காட்ட ஒரு மாசம் கொடுத்தார். எனக்காகத்தான் கொடுத்தார், சந்தேகமே வேண்டாம்.

அந்த ஒரு மாசமும் மேஜைப் பக்கம் தண்ணி கேனே வராது. நட்டு கழற்றுகிற ஸ்பேனரைச் சம்சாரம் இடுப்பில் சொருகிக்கொண்டே சமைத்தாள். மீட்டர் இறங்கும்போதெல்லாம் என் கை நமநமவென்று அரிக்கும். எழுந்து போய் டீ குடிப்பேன். ஒரு நாளைக்குப் பதினோரு டீ.

பழசு, புதுசு ரெண்டுமே அம்பதைத் தொட்டன. வாத்தியார் கடைக்கே வந்து பொண்ணு எழுதி வைத்த கணக்குக் காகிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"இதுல உங்க பங்கு என்னங்க?" என்று கேட்டார்.

"சும்மா இருந்தேன் சார்," என்றேன். "நீங்க சும்மா இருந்து பாருங்க, தெரியும்."

பொண்ணு குழாய்களைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்பேனரைக் கடைசி வரைக்கும் என்னிடம் தர வேண்டாம் என்று சம்சாரத்திடம் சொல்லிவிட்டு பஸ் ஏறியது.