கடுகண்ணாவை ஏற்றத்தில் இழுக்காமல் போன கார்

என் தம்பி குலரத்ன, எங்களுக்குக் குலே, கார் ஓட்டுவதை விட்டதற்கு மாவனல்லைச் சந்தியில் இரண்டு காரணம் சொல்கிறார்கள். குடித்துத் தள்ளாடினான் என்பது ஒன்று. ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் சாபம் விட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் பொய். அவன் வாயில் சாராயம் பட்டதில்லை. அந்தக் கல்யாண வீட்டார் திட்டினார்கள், அவ்வளவுதான். அவனுக்கு மூத்தவள் நான், அவன் பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருப்பவள். நடந்தது இதுதான்.

எங்கள் இரண்டு பேருக்குமே கல்யாணம் ஆகவில்லை. நான் சேலைக்கு ஜாக்கெட் தைத்தேன். அவன் எட்டாம் வகுப்போடு நின்று, லொறியில் கிளீனராகப் போய், பிறகு ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கர் விட்டுப்போன மொரிஸ் மைனரை வாங்கினான். பால் நிறக் கார். அதை வைத்து வாடகைக்கு ஹயர் ஓட்டினான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் பிள்ளை பெற்று வருகிறவர்களும் அவனைத்தான் தேடுவார்கள். ஆனால் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கல்யாண ஹயர். மாவனல்லைப் பெண்களில் பாதிப்பேர் அந்தக் காரில்தான் கண்டிப் பக்கம் மணப்பெண்ணாகப் போனார்கள். வழியில் மலையைச் சுற்றி வளைந்து ஏறும் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு குலுக்கல் இருக்காது. மடியில் வைத்த வெற்றிலைக் கொத்துகூட நழுவாது.

எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டிகள் செருப்பைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார்கள். குலேயும் அப்படித்தான். இன்ஜினின் நடுக்கம் மிதிகட்டை வழியாக உள்ளங்காலுக்கு வரும், அதை வைத்தே எந்தக் கியர், எவ்வளவு மிதிக்க வேண்டும் என்று தெரியும் என்பான். மற்றவர்களின் காரில் இழுவை குறைந்தாலும் அவனைத்தான் கூட்டிப்போவார்கள். ஏறி உட்கார்ந்து, ஏற்றத்தில் ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "சத்தம் ஏறுது, கார் ஏறல. கிளச் போயிடுச்சு" என்பான். சத்தமே ஏறவில்லை என்றால் பெட்ரோல், காற்று, நெருப்பு என்று ஒவ்வொன்றாகத் தேடுவான். இறங்கி நான்கு சக்கரத்தையும் தொட்டு, ஒன்று மட்டும் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பான். எது இல்லை என்று முதலில் ஒதுக்க வேண்டும், மிச்சம் இருப்பதுதான் வியாதி என்பது அவன் வழி.

அப்படிப்பட்டவனின் காருக்கே அது வந்தது.

உதுவன்கந்தையிலிருந்து ஒரு மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு பிலிமத்தலாவைக்குப் போனான். கல்யாண மேடையில் ஏற சோதிடர் குறித்த நேரம் காலையில். ஏற்றத்தின் பாதியில் கார் மூச்சு வாங்கியது. இரண்டாம் கியருக்கு இறக்கியும் ஆள் நடக்கிற வேகம்தான். பின்னால் பஸ்கள் ஹார்ன் அடித்தன. பெண்ணின் தாயார் பொடிமெனிக்கே பின்சீட்டிலிருந்து கேட்டாளாம்:

"மகனே, நாங்க இறங்கி நடக்கட்டுமா? நீ மெதுவா வந்து சேரு."

போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. மண்டப வாசலில் பெண்ணின் மாமா ஒருவர், "இந்தத் தகரத்துக்கு மாலை ஒரு கேடு" என்று முன்கண்ணாடிக்குக் கீழே கட்டியிருந்த பூவைப் பிய்த்துப் போட்டார். பெண் அழுது பவுடரெல்லாம் கோடு கோடாக இறங்கியதை குலே வீட்டில் வந்து சொன்னான். அன்று சாப்பிடவில்லை. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் மட்டும் குடித்தான்.

அடுத்த மாதம் இனோக்காவின் கல்யாணம் இருந்தது. அவள் ஹீன்பண்டாவின் ஒரே மகள். சந்தைக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கும் ஹீன்பண்டா, குலேயோடு லொறி கழுவிய காலத்திலிருந்து கூட்டாளி. அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அவளை மைனரில்தான் கொண்டுவந்தார்கள். 'மணப்பெண்ணாவும் நான்தான் கொண்டு போவேன்' என்று அன்றைக்கே குலே சொல்லியிருந்தான். பேராதனைக்குப் போக வேண்டும், அதே ஏற்றம்.

"உன் கார் கிழவியாயிட்டா மச்சான்" என்றான் ஹீன்பண்டா.

"கிழவி உன் ஸ்பேனர். இன்ஜின் மூடியத் தூக்கு."

இரண்டு பேரும் கராஜில் வேலையைத் தொடங்கினார்கள். நான் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார்கள். சுத்தம். பெட்ரோல் பம்பின் குழாயைப் பிடுங்கிப் போத்தலில் விட்டார்கள். தாராளமாக வந்தது. ப்ளக்குகளைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் குலேயே தேய்த்தான். கராஜ் தரையெல்லாம் அந்த பிரஷ்ஷின் உதிர்ந்த கம்பிகள். காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைச் சுற்றினார்கள். நான்கும் தடையில்லாமல் சுற்றின. ஹாண்ட் பிரேக்கை இழுத்து, நாலாம் கியரில் போட்டு, கிளச்சை விட்டார்கள். இன்ஜின் பட்டென்று நின்றது. கிளச் நழுவினால் அப்படி நிற்காது. ஹீன்பண்டா குனிந்து ஆக்சிலேட்டர் மிதிகட்டையைக் கையால் அமுக்க, குலே காபரேட்டரைப் பார்த்தான். வாய் முழுக்கத் திறந்தது.

"எல்லாம் சரியா இருக்கு" என்றான் ஹீன்பண்டா.

"ரோட்டுல சரியில்லையே. ஆக்சிலேட்டர்ல உயிரே இல்ல. பஞ்ச மிதிக்கிற மாதிரி இருக்கு."

"நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கறேன், குடு."

"உன் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷ நான் கேட்டேனா?"

அது அவனுடைய பழைய சட்டம். மைனரில் வேறு கால் படக் கூடாது. ஹீன்பண்டா சிரித்துவிட்டு இடப்பக்கம் ஏறிக்கொண்டான். குலே ஓட்டினான். ஏற்றத்தில் மறுபடியும் கார் முனகியது. திரும்பி வந்து மறுபடியும் ப்ளக்கைக் கழற்றினார்கள்.

அந்த வாரம் பௌர்ணமி, போயா நாள் வந்தது. வெள்ளை உடுத்திக்கொண்டு பன்சலைக்கு, புத்தர் கோயிலுக்குப் போனோம். படியேறும்போது குலே இரண்டு இடத்தில் தடுமாறினான். கீழே பூ விற்றவள் பக்கத்தில் இருந்தவளிடம், "போயா நாள்லயும் போட்டுட்டு வந்திருக்கார்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே அவன் மண்டியிட்டுக் கும்பிட்டான். அவனுக்குப் பின்னால் நான். கும்பிடுகிறவனின் உள்ளங்கால் இரண்டும் பின்னால் இருப்பவருக்கு எதிரே தெரியும். எத்தனையோ போயாவுக்கு அந்தக் கால்களைப் பார்த்திருக்கிறேன். அன்று வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளியும், அதைச் சுற்றி ஊதிய மஞ்சளும் இருந்தன. நடுவில் ஏதோ மினுங்கியது. அவன் வெள்ளைச் சாரத்தின் விளிம்பில் இரத்தம் ஒட்டியிருந்தது. அவன் முகம் சுளிக்காமல் பிக்குமார் பிரித் ஓதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பிரித் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் ஸ்டூலில் உட்கார வைத்தேன். தம்பி என்பதை எங்கள் வழக்கில் மல்லி என்போம், அக்காவை அக்கே என்போம்.

"கால நீட்டு மல்லி."

"எதுக்கு அக்கே?"

"நீட்டுன்னா நீட்டு."

புருவம் பிடுங்கும் இடுக்கியால் பிடித்து இழுத்தேன். கம்பி பிரஷ்ஷின் கம்பி. கட்டைவிரல் நகத்தின் நீளம் இருந்தது. சீழ் வந்தது. அவன் கம்பியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"இது ப்ளக் தேய்ச்ச அன்னிக்குள்ளது" என்றான்.

"அன்னிலேர்ந்து வலிக்கலையா?"

கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "தையல் ஊசி ஒண்ணு எடுத்துட்டு வா" என்றான். கொண்டுவந்தேன். கண்ணை மூடிக்கொண்டான்.

"கால்ல அங்கங்க தொடு. தொட்டியான்னு கேக்காத. நானே சொல்றேன்."

அவன் காரைப் பார்ப்பது போலவேதான் செய்தான். முழங்காலில் தொட்டேன். "ம்" என்றான். கணுக்காலில் தொட்டேன். கொஞ்சம் தாமதித்து "ம்" என்றான். பாதத்தில் தொட்டேன். பெருவிரலில் தொட்டேன். பிறகு ஊசி உள்ளே இறங்கும்படி அழுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்ட அக்கே? தொடு" என்றான்.

ஊசியை எடுத்துவிட்டு, "தொட்டேன் மல்லி" என்றேன்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. இடது காலையும் பார்க்கச் சொன்னான். அதுவும் அப்படித்தான். பிறகு, "ஹீன்பண்டாவுக்குச் சொல்லியனுப்பு. வந்து மைனர ஓட்டட்டும்" என்றான். அதைச் சொல்ல அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஹீன்பண்டா வந்தான். எப்போதும் பூட்ஸோடு திரிகிறவன், அன்று அதைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினான். குலே இடப்பக்கம், நான் பின்னால். கார் ஏற்றத்தைத் தொட்டது. குலே பாதையைப் பார்க்காமல் குனிந்து ஹீன்பண்டாவின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். மிதிகட்டை தரை விரிப்பைத் தொடும்வரை கீழே போயிருந்தது. கார் ஒரு பஸ்ஸையும் ஒரு தேயிலை லொறியையும் தாண்டி, பாதைக்காகக் குடைந்த பாறைக் குகைக்குள் புகுந்து வெளியே வந்தது.

"நானும் அவ்வளவு மிதிச்சேன்னுதான் நெனச்சேன்" என்றான் குலே.

உச்சியில் ஹீன்பண்டா காரை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினான். வழக்கமாக வியாதி அகப்பட்டால் இரண்டு பேரும் கடையில் தேநீர் வாங்கிக் குடிப்பார்கள். அன்று ஹீன்பண்டா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான்.

"கார்ல ஒண்ணுமில்ல மச்சான்."

"தெரியும்."

"மருந்து எடுத்தா சரியாயிடும்."

"பிரேக்கும் அதே கால்தான்டா. நல்ல வேளை, அது போகல. ஒரு பொண்ணோட நேரத்தத் தப்ப வச்சதோட நின்னுச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சீனி வியாதி பல வருடமாக இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். புண் ஆறாமல் பெருவிரலை எடுத்தார்கள். இனோக்காவின் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான்.

கல்யாணத்தன்று கட்டுப் போட்ட காலை ஒரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு, இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே மைனருக்கு ரிப்பன் கட்டினான். இடதும் வலதும் ஒரே அளவாக இருக்கிறதா என்று என்னை முன்னால் நிறுத்திப் பார்க்கச் சொன்னான். மணப்பெண் கோலத்தில் இனோக்கா அவனிடம் ஆசி வாங்க வந்தாள். அவன் காலில் விழப்போனவள், கட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"மாமா ஓட்டலன்னா நான் ஏற மாட்டேன்."

"சும்மா அழுது மூஞ்சியக் கெடுத்துக்காத. உங்கப்பா ஓட்டுவான். கோட்டு போட்ட டிரைவர் யாருக்குக் கிடைக்கும்? ஏறு, நேரம் தப்பிடும்."

ஊர்வலத்தில் பின்னால் வந்த வேனில் நானும் போனேன். மைனர் எங்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. குறித்த நேரத்துக்கு முன்பே இனோக்கா மேடைக்குப் பக்கத்தில் நின்றாள்.

மாலையில் ஹீன்பண்டா காரைக் கொண்டுவந்து விட்டான். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான். குலே முன்னறையிலேயே காத்துக்கொண்டிருந்தான்.

"எப்படி ஏறுச்சு?"

ஹீன்பண்டா என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்: "அவ்வளவு சரியில்ல மச்சான். மூணாவது வளைவுல முனகினா. உன் கால் இல்லாம இழுக்க மாட்டேங்குறா."

"நேரத்துக்குப் போயிட்டீங்களா?"

"போனோம்."

"வழியில எங்கயும் நிறுத்தினியா?"

"இல்ல."

"அப்ப நல்லாத்தான்டா இழுத்திருக்கா" என்றான் குலே.

ஹீன்பண்டா சாவியை மேசையில் வைத்தான். குலே அதை விரலால் தள்ளி, அவன் பக்கமே நகர்த்தினான்.

"உன்கிட்டயே இருக்கட்டும். ஓடாம நின்னா பாட்டரி செத்துப்போயிடும்."