கஞ்சி என்று நினைத்த தண்ணீர்

காலை பதினொன்று பத்துக்கு எங்கள் பூனையின் பின்கால்கள் மடங்கின. அடுக்களையிலிருந்து மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு வேகும் ஆவி, மண்ணும் இனிப்பும் கலந்த வாடையோடு புறவாசல்வரை வந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த என் கண்முன்னே அது இரண்டு எட்டு வைத்து, அம்மிக்குப் பக்கத்தில் சாய்ந்தது. வாயில் நுரை. பால்குடி மாறாத அதன் மூன்று குட்டிகள் விறகுப் புரைக்குள் கத்திக்கொண்டிருந்தன. எனக்கு அப்போது எட்டு வயது.

நெல் விளையும் ஊரிலேயே அரிசிக்கு ரேஷன் இருந்த வருடங்கள் அவை. பகலில் கிழங்கு, இரவில் மட்டும் சோறு. அன்று வந்தது "கசப்புக் கிழங்கு". விஷம் இறங்கிய முதல் கொதியின் தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைத்தால்தான் அதைத் தின்ன முடியும். வடித்ததைச் சூட்டோடு கொட்டினால் வாழை பட்டுப்போகும் என்று, அம்மா பழைய மண்சட்டியில் ஆற வைத்திருந்தாள். "ஏட்டி, அதுல கோழி வாய் வைக்காமப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

கோழியைத்தானே சொன்னாள்! அரிசி வடித்த நாட்களில் பூனைக்குக் கஞ்சித் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. சட்டியில் வெள்ளையாகக் கலங்கி நின்றதும் எனக்குக் கஞ்சியாகவே பட்டது. சாளைக்கறிச் சட்டியை அந்தத் தண்ணீரால் அலசி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி வைத்தேன். மீன் வாடைக்குப் பூனை ஒரு சொட்டு விடாமல் நக்கிக் குடித்தது.

நான் கத்தியதும் அம்மா ஓடி வந்தாள். அடுத்த வீட்டுச் செல்லம்மை அத்தையும் வந்தாள்.

"பாம்பு தீண்டியிருக்கும் மயினி. புளித்தண்ணி கரைச்சு ஊத்துங்க, கக்கிரும்" என்றாள் அத்தை.

நான் சிரட்டையைக் காலால் விறகுக்கடியில் தள்ளினேன். அம்மா பூனையின் வாயைப் பிளந்து புளித்தண்ணீரை ஊற்ற, அது திணறியது, கண் செருகியது. சொன்னால் அடி விழும், சொல்லாவிட்டால் பூனை செத்துப்போகும் என்று இரண்டும் தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

வாய்க்கால் கரையில் ஒரு பசுவுக்கு ஊசி போட வந்திருந்த மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரை அத்தை இழுத்து வந்தாள். "பூனைக்கும் நான்தானா? எலிகளுக்குத் தெரிஞ்சா என்னச் சும்மா விடாது" என்றபடி குனிந்தவர், புளித்தண்ணீரைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார்.

"ஊத்தாதீங்க அக்கா! மயங்கிக் கிடக்கிற சீவனுக்கு அது நெஞ்சுக்குள்ள இறங்கிரும். என்னத்தத் தின்னுச்சு?"

"பாம்பு தீண்டினதாக்கும்" என்றாள் அத்தை.

நான் சிரட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

முகர்ந்து பார்த்தார், கிழங்குத் தண்ணீர் என்று தெரிந்துவிட்டது. பூனையைத் தலை தாழச் சாய்த்து, நுரையைத் துடைத்து, ஊசி போட்டார். அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கியபோது குறுக்கே நின்றார். "மக்கா, என்ன தின்னுச்சு, எப்பம், எம்புட்டு, அத முதல்ல சொல்லணும். அடி பொறவு வாங்கிக்கிடலாம்."

சாயங்காலம் பூனை தள்ளாடி எழுந்து குட்டிகளிடம் போனது. பிறகு எனக்கு அடியும் கிடைத்தது.

இப்போது எங்கள் வீட்டில் மண்சட்டியும் இல்லை, சிரட்டையும் இல்லை. பூனைக்குப் பீங்கான் தட்டு. அம்மா போய்ப் பல வருடங்கள். இந்தக் கதையை மட்டும் என் மகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். பூனைக்கு வெங்காயம் விஷம் என்றும் சொல்லியிருந்தேன். மிருக டாக்டரிடம் போய்த் திரும்பி, பூனை இப்போது என் காலடியில் தூங்குகிறது. நேற்று மாலை நாலே காலுக்கு, முட்டைப் பொரியல் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு மகள் அடுக்களைக்குள் ஓடி வந்தாள்.

"அம்மா, வெங்காயம் போட்டது. பூனை பாதியத் தின்னுட்டு. இப்பந்தான். நான்தான் மறந்து வச்சேன். அடி பொறவு."