கடலுக்குக் காது வெச்ச கதை

சனத்தைக் கிளப்பிவிட்டது நானா? இல்ல மனேஜர் ஐயா, சனம் எப்பவோ எழும்பிட்டுது. நீங்கதான் இன்னும் எழும்பல்ல.

கடலடியில காது வெச்சுக் கேக்கிறதுதான் எங்கட தொழில். எண்ணெய் இரிக்கிற இடத்துக்கு மேல கருவி கோத்த வயரை நிரந்தரமாப் போட்டு, கீழ எண்ணெய் நகர்றதைக் கேட்டுக்கொண்டே இரிக்கிறது. இஞ்ச எண்ணெய்க் கிணறு இன்னும் இல்ல. எங்கட கடலில வயர் தாங்குமா எண்டு பாக்க, நாட்டுச் சண்டை முடிஞ்ச கையோட வாகரைக் கடலில ஒண்டு போட்டாங்க. சனத்தோட கதைக்கிறது, கம்பஸில படிக்கிற பொம்பிளைப் புள்ள எனக்குத் தந்த பயிற்சி வேலை. மேல உள்ளவன் செய்றதுக்குக் கீழ நிண்டு ஏச்சு வாங்கினவங்களுக்கு இது விளங்கும்.

சிவப்பு மிதவை

வயர் கிடக்கிற இடத்தில சிவப்பு மிதவை கட்டினம். அதுக்குப் பிறகு ஒரு தோணியும் அங்கால போகல்ல. "மீனவர் ஒத்துழைப்புப் பிரமாதம்" எண்டு நீங்க மேலிடத்துக்கு எழுதிட்டீங்க ஐயா. நான் கரைக்குப் போய்க் கேட்டன். சண்டை நாளில கடலில மிதவை கண்டா அதுதான் எல்லை, தாண்டினா வெடி எண்டாங்க. அந்தப் பயத்தில வலை காயுது, ஒருத்தரும் வாய் திறக்கல்ல.

தாண்டலாம் எண்டன். நீயும் ஏறினா வாறன் எண்டார் தோணிக்காரத் தம்பிராசா மாமா. ஏறினன். மிதவை பின்னால போனதும் திரும்பிப் பாத்தார்: "போகலாம் எண்டு சண்டை நாளிலயும் ஒருத்தன் சொன்னவன் மனே. அவன் தோணியில ஏறல்ல."

ராசாத்தி அக்கா

பொம்பிளைகளுக்குக் கருவியை விளங்கப்படுத்தினன். சுனாமிக்கு ரெண்டு புள்ளையையும் குடுத்த ராசாத்தி அக்கா எழும்பி, கடல்தரை நடுங்கினா அதுக்குக் கேக்குமா எண்டா. கேக்கும் எண்டன். அப்ப எங்களுக்குச் சொல்லுவீங்களா எண்டா. ஆரிட்டயும் கேக்காம, சொல்லுவம் எண்டு வாக்குக் குடுத்தன். அக்கா கையைப் புடிச்சா: "ஓடத் தெரியும் மனே எங்களுக்கு. எப்ப எண்டுதான் தெரியாது."

வேணாத சத்தம்

போன மாசம் எங்கயோ தூரத்தில கடல்தரை நடுங்கிச்சு. றேடியோவில கேட்டுத்தான் வாகரைச் சனம் புள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டால ஓடிச்சு. நல்ல காலம், அலை வரல்ல. நான் வயர் வந்து சேர்ற எங்கட கொட்டிலுக்கு ஓடினன். கருவி றேடியோவுக்கு முன்னமே கேட்டிரிந்திச்சு! எஞ்சினியர் அண்ணன் ஆற அமர இருந்து அந்த நடுக்கத்தைப் பதிவில இருந்து கழிச்சுக்கொண்டிருந்தார். ஊருக்கு ஏன் சொல்லல்ல எண்டு கத்தினன். தலையைக்கூட நிமித்தல்ல: "அது எங்களுக்கு வேணாத சத்தம், தங்கச்சி."

இதைத்தான் ஐயா நான் ஊரில போய்ச் சொன்னன். அலை வருமா எண்டு கருவி சொல்லாது எண்டு எனக்குப் பாடம் எடுக்க வேணாம், நானும் படிச்சிரிக்கன். நடுங்கினதைச் சொல்லலாம்தானே? பயிற்சியை வெட்டுறதெண்டா வெட்டுங்க, குடுத்த வாக்கை நான் விடமாட்டன்.

உலகத்திலயே நல்ல காதா வாங்கிக் கடலில போட்டவங்க, வாய் வாங்க மறந்துட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில ஊர் கூடுது, ராசாத்தி அக்கா முன்னுக்கு இரிப்பா. வாங்க ஐயா, அவட முகத்தைப் பாத்து எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க: அடுத்த முறை கேட்டதைச் சொல்லுவீங்களா, மாட்டீங்களா?