இடது காலுக்கு வலது பெஞ்சு

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குப் போடிநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கினேன். பதினொன்றரைக்கு அடிபட்டுக்கொண்டேன். இடையில் ஒரு காபி குடித்ததுதான் அன்று உருப்படியாகச் செய்த காரியம்.

தஞ்சாவூரில் வங்கி நாற்காலியில் இருபத்தாறு வருடங்களாக உட்கார்ந்திருப்பவள் நான். ஒரு முழு நாள் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்து பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கல்லூரித் தோழி ரஹ்மத்தின் குடும்பத்துக்குப் போடியில் ஏலக்காய்க் கடை இருக்கிறது. சனிக்கிழமை மலைக்குப் போகும் ஜீப்பில் பன்னிரண்டு பெண்களோடு என்னையும் அனுப்ப அவள் ஏற்பாடு செய்திருந்தாள். அது தவறினால் அடுத்த விடுப்பு அடுத்த வருடம்தான்.

"இதுலதான்டி போகப்போறே" என்று கடை வாசலில் நின்ற ஜீப்பைக் காட்டினாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நெருங்கினேன். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்புப் படி என் இடது கால் முன்னெலும்பைப் பதம் பார்த்தது. கண்ணில் பூச்சி பறக்க, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கையைக் கொடுத்துத் தூக்கியவர் பாக்கியம். பக்கத்து ஊரான சிலமலைக்காரர். அந்த ஜீப்புக்கு ஆள் சேர்த்து வேலைக்குக் கூட்டிப்போகிறவர் அவர்தான்.

"புதுசா வர்ற ஆள இந்தப் படி ஒருவாட்டி கடிச்சுப் பாக்கும்க்கா" என்று சிரித்தவர், வீக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இந்தக் காலோட சரிவுல எப்பிடி நிப்பீக? நீங்க விழுந்தா ரெண்டு பேரு சோலியப் போட்டுட்டு உங்களத் தூக்கணும்."

கெஞ்சினேன். வெட்கப்படவில்லை.

"சரி. வெள்ளிக்கெழம சாயங்காலம் பரமசிவன் கோயில் மலைக்கு வாங்க. ஏறி எறங்குறதப் பாத்துட்டுச் சொல்றேன்."

கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் வைத்தியர்கள் ஆனார்கள். சூடான எண்ணெய் போட்டு உருவச் சொன்னார் ஒருவர். கட்டிலை விட்டு ஒரு வாரம் இறங்கவே கூடாது என்றார் இன்னொருவர். தெருமுனை மருத்துவர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணுமில்ல, கன்றிப்போயிருக்கு. இன்னைக்கு ஐஸ் வைங்க, காலை உயரமா வைங்க. உருவ வேண்டாம். நாளையிலேர்ந்து மெதுவா நடங்க. வலி கூடினா உட்கார்ந்துடுங்க" என்றார். எனக்குப் பிடித்த வைத்தியத்தை எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காயம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. கணவர் தொலைபேசியில், "பேசாம கிளம்பி வந்துடு" என்றார். பேசாமல் கேட்டுக்கொண்டேன், கிளம்பவில்லை. கடையிலிருந்து பேருந்து நிலையம் வரை நடப்பதும், திரும்பி வந்து நாற்காலியில் காலை நீட்டித் துண்டில் சுற்றிய ஐஸை வைப்பதுமாக அன்றைய பொழுது போயிற்று. கால் ஓய்வெடுத்த நேரத்தில் கைக்கு வேலை கிடைத்தது. கடைப் பெண்களோடு உட்கார்ந்து, வெடித்த ஏலக்காயைத் தனியாகப் பொறுக்கினேன். ஊரே மணத்தது. என் ஐஸ் துண்டும் மணத்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அறுபது ரூபாய் ஆட்டோவில் ரஹ்மத்தும் நானும் கோயிலடிக்குப் போனோம். ஏறுவது சுலபமாக இருந்தது. இறங்கும்போதுதான் ஒவ்வொரு படியும் காயத்தை விசாரித்தது. கடைசிப் பத்துப் படிகளில் வேகத்தைக் குறைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கீழே இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார் பாக்கியம். போச்சு என்று நினைத்தேன்.

"வலிச்சுச்சோ?"

"கடைசியில வலிச்சுச்சு."

"வலிக்கலன்னு நடிச்சு வெரசா எறங்கியிருந்தா விட்டுட்டுப் போயிருப்பேன். வலிச்சா நிக்கத் தெரியுதுல்ல, அது போதும். காலையில அஞ்சரைக்கு வாங்க. தூக்குச்சட்டி கொண்டாங்க."

படியேறியபோது வாங்காத மூச்சு அப்போது வாங்கியது. அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஜீப்பை நெருங்கினால், உள்ளேயிருந்து ஒரு குரல், "எந்தக் காலு?" என்றது. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. "இடது" என்றேன். "அப்ப வலப்பக்கப் பெஞ்சு, கடைசி." இந்த ஜீப்பில் இடம் பிரிப்பதே காலை வைத்துத்தான். பெஞ்சுகள் எதிரெதிராக இருப்பதால், வலது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தவர்தான் இடது காலைப் பின்பக்கமாக நீட்ட முடியும். வலது முழங்கால் வலிக்காரருக்கு எதிர் பெஞ்சின் ஓரம். வலியில்லாதவர்கள் நடுவில் நெருக்கிக்கொள்கிறார்கள்.

பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் காலை நீட்டியபடியே கடந்தேன். போடிமெட்டில் பன்னிரண்டு ரூபாய்க்குத் தேநீர். மேகம் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தது. அங்கிருந்து கேரளத்துக்குள் அரை மணி நேரத்தில் தோட்டம்.

ஏலக்காய் தலைக்கு மேலே காய்க்கும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அது செடியின் தூரிலிருந்து கிளம்பும் சரத்தில், மண்ணோடு மண்ணாகக் காய்க்கிறது. குத்துக்காலிட்டால்தான் எட்டும். எனக்கு முடியவில்லை. பாக்கியம் ஒரு சாக்கை விரித்து, "சரிவுப் பக்கம் கால நீட்டி ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்து, பெரிதாகத் தெரிந்த காய்களையெல்லாம் பெருமையோடு பறித்தேன். அவர் ஒன்றைப் பிளந்து காட்டினார். உள்ளே விதை வெள்ளையாக இருந்தது.

"விதை கறுத்திருக்கணும். இன்னொரு பிடி இப்பிடி எடுத்தீகன்னா நெழல்ல ஒக்கார வச்சிருவேன்."

அதற்குப் பயந்து ஒவ்வொரு காயாகப் பார்த்துப் பறித்தேன். சரத்தின் அடிக்காய் முதலில் முற்றும் என்று பிடிபட்டது. மணிக்கு ஒருமுறை எழுந்து வரப்பில் நடந்தேன். மதியம் எல்லோருடைய தூக்குச்சட்டியிலிருந்தும் ஒரு வாய் கிடைத்தது. இரண்டு அட்டைகள் கடித்தன, நல்லவேளையாக வலது காலில். மாலை வரை தாக்குப்பிடித்தேன்.

ஆறரை மணிக்குப் போடியில் இறங்கியதும், பாக்கியம் திங்கட்கிழமை வரவேண்டிய ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே வந்தார். பதின்மூன்றாவதாக, "சாந்தியக்கா" என்றார்.

"நான் நாளைக்கு ஊருக்குப் போறேனே, பாக்கியம்."

அவர் நின்று என்னைப் பார்த்தார். "அட ஆமால்ல. மறந்தே போச்சுக்கா."

ஞாயிறு மாலை ரயிலேறினேன். திங்கட்கிழமை தஞ்சாவூரில் அலாரம் இல்லாமலே விழித்துக்கொண்டேன். மணி ஐந்தரை. கால் பச்சையும் மஞ்சளுமாக ஆறிக்கொண்டிருந்தது. வலி போயிருந்தது. இந்நேரம் ஜீப் ஓர் ஆள் குறைவாகக் கிளம்பியிருக்கும் என்பதுதான் உறுத்தியது.