கை தூக்கினால் லாரி நிற்குமா?

காஜாக்கா உள்ளாட்சி மன்ற உறுப்பினரானது அவளாகக் கேட்டு வாங்கிய வம்பு இல்லை. அந்த வார்டில் வேறு யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான். சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தே பேர் வாங்கியவள். மன்றக் கூட்டத்திலும் மடியில் ஒரு சட்டை இருக்கும். தலைவர் பேச ஆரம்பித்தால் இவளும் தைக்க ஆரம்பிப்பாள். சட்டைதான் முதலில் முடியும்.

அவள் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. விடிந்ததும் பால் கேனோடு சாலையைக் கடந்து எதிரே இருக்கும் பால் நிலையத்துக்குப் போவாள். வளைவில் திரும்பும் லாரிகள் இருக்கின்றனவே, அடேயப்பா, எமனையே முந்திக்கொண்டு போகிற வேகம்! போன மாதம் ஒன்று உரசிப் போனதில் தங்கை கேனோடு பள்ளத்தில் விழுந்தாள். அன்றிலிருந்து, அவள் கடந்து முடிக்கும் வரை அக்கா வாசலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

வேகத்தைக் குறைக்கச் சொல்லி மேலிடத்துக்கு மன்றம் அனுப்பிய மனுக்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். அடுத்த கூட்டத்தில் தலைவர், “இன்னொரு மனு போடுவோம்” என்றார். காஜாக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏங்க, அது யாரு ரோடுங்க?”

“நம்ம மன்றத்து ரோடுதாம்மா” என்றார் செயலாளர்.

“அப்ப அதுல எவ்வளவு வேகத்துல போகணும்னு யாரு சொல்லணும்?”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாமளே சொல்லலாம். சட்டத்துல இடம் இருக்கு. தீர்மானம் போட்டுப் பலகை வச்சா போதும்.”

“இத ஏங்க இத்தனை நாளா சொல்லல?”

“யாரும் கேக்கலையேம்மா!”

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை! தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தச் சாலையில் மணிக்கு முப்பது கிலோமீட்டர்தான் என்ற தீர்மானத்துக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. காஜாக்காவின் கையில் ஊசியும் நூலும் தொங்கின.

அவள் புருஷனே லாரி ஓட்டுகிறவன். செய்தி கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தான்.

“நீ கையத் தூக்குனா என் லாரி நின்னுடுமாக்கும்?”

“நிக்க வேணாம் சாமி, மெதுவா வா. இல்லன்னா வீட்டுல சாப்பாடு கிடையாது.”

பலகை நட்ட மறுநாள் காலை. தங்கை சாலையைப் பாதி கடந்திருந்தாள். கேன் மூடி நழுவி உருண்டது. அவள் வளைவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள். அதே நேரம் வளைவில் ஒரு லாரி திரும்பியது. வாசலில் நின்ற காஜாக்கா அலறினாள். அலறி என்ன பயன், கேட்க வேண்டியவளுக்குக் காது கேட்காதே!

பிரேக் கிறீச்சிட்டது. லாரி நின்றுவிட்டது. தங்கைக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்தது.

தங்கை மூடியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து திரும்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் மாமாவைப் பார்த்ததும், தன்னைப் பார்த்து நலம் விசாரிக்கத்தான் நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்து, சிரித்துக் கையாட்டிவிட்டுப் போனாள்.

காஜாக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அத்தனை பெரிய இரும்பு மலை! அதை நிறுத்தியது, ஒரு அறையில் உட்கார்ந்து நாலு பேர் தூக்கிய கையா? அம்மாடியோவ்! தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊசி குத்திய தழும்புகளைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

புருஷன் இறங்கி வந்தான். பலகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

“முப்பதுலதான் வந்தேன். நின்னுடுச்சுடி” என்றான்.